ஓடுகிற பிள்ளைக்குக் குளிராது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

போன சனிக்கிழமை ஒரே காலையில் நான்கு பிள்ளைகளின் கன்னத்தை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றேன். நோர்வேயின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில், 11 வயது முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கான மாவட்ட லாங்ரென் போட்டி. காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் ஓடுகிற இதைக் குறுக்குநாட்டு ஸ்கீ என்று எழுதலாம், ஆனால் இங்கே வாழும் தமிழர் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஸ்கீ ஓட்டம் என்றால் லாங்ரென், போட்டி என்றால் ரென். நான் குடும்ப மருத்துவர். ஆறு குளிர்காலமாக இந்த ரென்களின் முதலுதவிக் கூடாரத்தில் நிற்கிறேன், மற்றப் பெற்றோர் வாஃபல் சுடுவதுபோல, பாதையில் கொடி நடுவதுபோல, இது என் பங்கு டுக்னாட், எல்லாரும் சேர்ந்து செய்கிற சம்பளமில்லாத வேலை.

நான்கில் மூன்று கன்னங்கள் கூடாரத்திலேயே சிவந்து தேறிவிட்டன. நான்காவது பையனுக்கு 13 வயது. மூக்கு நுனியிலும் இடது கன்ன எலும்பின் மேலும் மெழுகு உருக்கி ஊற்றியதுபோல வெள்ளைத் திட்டு, விரலால் தொட்டால் தோல் நகரவில்லை, அடியில் கெட்டியாக இருந்தது. அவனுடைய அம்மா எங்கள் ஊர்க்காரர். “இப்ப நோகேல்லையாம் அக்கா, விறைப்பு விட்டிட்டுது போல” என்று நிம்மதியாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வலி நின்றது நல்ல செய்தி இல்லை. குளிரில் முதலில் எரியும், குத்தும், பிறகு நரம்பு மரத்துப்போய் ஒன்றும் தெரியாது. அந்த ‘ஒன்றும் தெரியாத’ நேரத்தில்தான் தோல் உறைகிறது. அன்று மாலையே அவனுக்குக் கொப்புளம் போட்டது. ஆறிவிடும். ஆனால் அந்த இடம் இனி வருகிற பல குளிர்காலங்களுக்கு மற்ற இடங்களை விட முந்திக்கொண்டு நோகும், முந்திக்கொண்டு உறையும்.

அன்று நான் பேசிய எல்லாரும், நோர்வேஜியரும் தமிழரும், பயிற்சியாளரும் தாத்தாவும், ஒரே பேச்சைப் பேசினார்கள்: ஓடினால் சூடாகிவிடும், ஓடுகிற பிள்ளைக்குக் குளிராது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடும்போது சூடு பிறக்கிறது, உண்மைதான். ஆனால் அது பிறப்பது தொடையிலும் முதுகிலும், மூக்கில் இல்லை. மூக்கு, காது, கன்னம், விரல் நுனி எதுவும் ஓட்டத்தில் வேலை செய்கிற தசை இல்லை, அங்கே போகிற இரத்தத்தைக் குளிர் வந்ததும் உடம்பு முதலில் குறைத்துவிடும். அடுத்தது, பிள்ளை ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏற்றத்தில் ஐந்து நிமிடம் வியர்க்க வியர்க்க ஏறுகிறான், அப்புறம் இறக்கத்தில் முழங்காலை மடக்கிக் குனிந்து, ஒரு தசையும் அசையாமல் மணிக்கு 40 கிலோமீட்டரில் வழுக்கிக்கொண்டு வருகிறான். அந்த 40 கிலோமீட்டர் வேகம் முகத்தில் அடிக்கிற காற்றுத்தான். மைனஸ் 12-ல் அந்தக் காற்று முகத்துக்குச் சுமார் மைனஸ் 23 போலத்தான், மைனஸ் 15 என்றால் மைனஸ் 27 போல. மரம் அசையாத, வெயிலடிக்கிற, அழகான காலை என்று நீங்கள் பாதையோரம் நின்று கைதட்டுகிறீர்கள், இறக்கத்தில் வருகிறவனுக்கு மட்டும் புயல் அடிக்கிறது. மேலே போட்டிருப்பது பனியன் கனத்தில் ஒரு இறுக்கமான போட்டி உடை, அதுவும் ஏற்றத்தில் நனைந்துவிட்டது. பிள்ளையின் உடம்பு சின்னது, எடையோடு பார்த்தால் தோல் பரப்பு அதிகம், இந்த விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் கிடையாது. பெரியவரை விடச் சீக்கிரம் சூட்டை இழப்பார்கள்.

இது ஓடுகிற நேரக் கதை. ஓடாத நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஒவ்வொருவராக 30 விநாடி இடைவெளியில் புறப்படுகிற ரென்னில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். முடித்த பிறகு வியர்வையோடு நண்பனுக்காக நிற்கிறார்கள், படத்துக்கு நிற்கிறார்கள், முடிவுப் பட்டியலுக்கு நிற்கிறார்கள், பரிசளிப்புக்கு நிற்கிறார்கள். ஓட்டம் கால் மணிநேரம், நிற்பது முக்கால் மணிநேரம்.

மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடை மட்டும்தான் என்று இந்த நாட்டில் ஒரு பழமொழி உண்டு. மழலையர் பள்ளியில் கம்பளி உள்ளாடை, தடித்த முழுநீள உடுப்பு எல்லாம் போட்டு மணலில் விளையாடுகிற பிள்ளைக்கு அது சரி. ஒற்றைத் துணியில் போட்டி போடுகிற பிள்ளைக்கு அதைச் சொல்லாதீர்கள்.

இப்போது வெப்பநிலைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை கைபேசி மைனஸ் 13 என்றது. மைதானத்துக் கம்பத்தில் மைனஸ் 14. பாதையின் இரண்டாவது கிலோமீட்டரில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது, அங்கே என் தெர்மாமீட்டர் மைனஸ் 19 காட்டியது. குளிர்ந்த காற்று கனமானது, இரவு முழுக்க இறங்கிப் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும். இங்கே வாழ்கிறவர்களுக்கு இது தெரியாததில்லை, ஜனவரியில் ஒஸ்லோ நகரம் விறைத்துக் கிடக்கும்போது மேலே ஹோல்மென்கொல்லன் குன்றில் குளிர் குறைவாக இருக்கிற நாட்கள் எத்தனை. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதியும் இதைத்தான் சொல்கிறது: பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20-க்குக் கீழே போனால் தள்ளிப்போட வேண்டும், இல்லாவிட்டால் ரத்துச் செய்ய வேண்டும். மிகக் குளிர்ந்த இடத்தில், காப்பிக் கடை வாசலில் இல்லை. அதுவும் வளர்ந்த வீரர்களை மனதில் வைத்த எண். 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் காற்றுக்கும் குளிருக்கும் பயந்து ஆண்களின் 50 கிலோமீட்டரை ஒரு மணிநேரம் தள்ளிவைத்து 30 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். உலகின் மிக உறுதியான ஆண்களுக்கே அப்படி. 12 வயதுப் பிள்ளைக்கு மைனஸ் 20 வரும்வரை காத்திருப்பது என்ன நியாயம்? என்னைக் கேட்டால், மிகக் குளிர்ந்த வளைவில் மைனஸ் 15 என்றாலே பிள்ளைகளின் ரென்னை நிறுத்துங்கள், லேசான காற்று இருந்தால் அதற்கும் முன்பே.

“ஏன் நிறுத்தவில்லை?” என்று போட்டித் தலைவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், என் நோயாளியும்கூட. அவர் சொன்ன பதிலில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “தள்ளிவைக்க நாள் இல்லை.” ஜனவரி முதல் மார்ச் வரை ஒவ்வொரு வாரக் கடைசியும் யாரோ ஒரு கழகத்துக்கு எழுதியாகிவிட்டது, நடுவில் குளிர்கால விடுமுறை, 15, 16 வயதினருக்கு ஹூவெட்லண்ட்ஸ்ரென் என்கிற நாடளாவிய போட்டி. இன்று நிறுத்தினால் இந்த ரென் இந்த ஆண்டு இல்லை. 60 பெற்றோர் விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள், மாவு கரைத்தாகிவிட்டது, இரண்டு மணிநேரம் காரோட்டி வந்தவர்கள் ஸ்கீக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பையனின் மூக்கு ஜனவரியில் உறைந்தது, ஆனால் தவறு நடந்தது பல மாதங்களுக்கு முன்பு, நாட்காட்டி போட்ட கூட்டத்தில்.

அதனால் மாவட்டக் கழகங்களுக்கு என் வேண்டுகோள் அந்தக் கூட்டத்தைப் பற்றியதுதான். பருவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரக் கடைசிகளை வெறுமையாக விடுங்கள், எதற்கும் கொடுக்காதீர்கள். நிறுத்துகிற எண்ணை அன்றே எழுதி அழைப்பிதழில் போடுங்கள், அப்போது விடியற்காலையில் ஒரு தனி ஆள் துணிச்சலைத் தேட வேண்டியதில்லை. முந்தின இரவு ஒரு முடிவு, காலை 7 மணிக்கு இன்னொரு முடிவு. ரத்தானால் நுழைவுக் கட்டணம் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அதில்தான். பாதையைச் சுருக்கலாம், ஏரிக்கரையை விட்டுவிட்டு மேலேயே இரண்டு சுற்று வைக்கலாம், காலை 10 மணியை மதியம் 1 மணி ஆக்கலாம், ஜாக்கெட்டோடு ஓடும் ரென்னாக அறிவிக்கலாம். முடியாது என்று சொல்லாதீர்கள். ஃப்ளோரின் மெழுகு இல்லாமல் ரென்னே நடக்காது என்று சொன்ன இதே ஆட்கள்தான் 2018-19 பருவத்தில் 16 வயது வரையானவர்களுக்கு அதைத் தடை செய்தார்கள், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, உலகக் கூட்டமைப்பு அதே தடையை நடைமுறைக்குக் கொண்டுவர 2023-24 ஆனது.

அடுத்து, கோப்பைப் புள்ளி. பருவம் முழுக்க எல்லா ரென்னையும் கூட்டிக் கோப்பை கொடுக்கிறீர்கள். அதன் விளைவு திங்கட்கிழமை என் கிளினிக்கில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வியாழன் 39 பாகை காய்ச்சல், சனி ரென், ‘ஒன்றைத் தவறவிட்டால் மூன்றாம் இடம் போய்விடும்’. காய்ச்சலோடும் காய்ச்சல் விட்ட கையோடும் உச்ச வேகத்தில் ஓடுவது இதயத் தசையில் அழற்சி வரக்கூடிய ஆபத்தான வேலை. அரிதுதான், ஆனால் எனக்கு அதை ஒருமுறை பார்த்தது போதும். எட்டு ரென்னில் சிறந்த ஐந்தை எண்ணுங்கள், போதும், சுகமில்லாத பிள்ளை வீட்டில் படுத்திருக்கலாம். இந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் சிறுவர் உரிமைகளில் முதலில் வருவது பாதுகாப்பு. அது 12 வயது முடியும்வரை எழுத்தில் இருக்கிறது, 13 ஆனதும் மூக்கு இரும்பாகிவிடாது.

தொய்வு உள்ள பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டுமில்லை, ரென் முடிந்த பிறகு பத்து நிமிடம் விடாமல் இருமுகிற எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறை காட்டுங்கள். வறண்ட குளிர்காற்றை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும், இந்த விளையாட்டில் அது மிகச் சாதாரணம். பம்ப் கொடுத்தால் ஊக்கமருந்து ஆகிவிடுமோ என்று பயந்து கொடுக்காத பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். 2016-ல் நோர்வேயின் லாங்ரென் வீரர் மார்ட்டின் யோன்ஸ்ரூட் சுண்ட்பிக்கு இரண்டு மாதத் தடை வந்ததிலிருந்து இந்தப் பயம். அவர் விஷயம் நெபுலைசர் வழியாக அளவுக்கு மேல் சால்புட்டமால், அதாவது பம்பில் இருக்கிற அந்த மருந்து, போனது பற்றியது. பம்ப் வழியாக 24 மணிநேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணிநேரத்திலும் 600-ஐத் தாண்டாமல், அனுமதி உண்டு. உங்கள் பிள்ளை எடுக்கிற இரண்டு மூன்று இழுப்பு அதற்குப் பக்கத்திலும் வராது. ரென்னுக்குக் கால் மணிநேரம் முன்பு கொடுங்கள். பம்பை வெளி ஜாக்கெட் பையில் வைக்காதீர்கள், விறைத்த பம்ப் சரியாக அடிக்காது. நெஞ்சோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

மற்றபடி பெற்றோருக்கு. பருத்தி வேண்டவே வேண்டாம், ஊரிலிருந்து அம்மம்மா அனுப்பிய பனியன் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதுதான் உள்ளுடை. ஆண் பிள்ளைகளுக்கு முன்பக்கம் காற்றுப் புகாத உள்ளாடை கடையில் இருக்கிறது, வெட்கப்பட்டு விடாதீர்கள். முகத்துக்குக் கிரீம் பூசினால் உறையாது என்று நினைக்காதீர்கள், அது காவல் இல்லை. கன்னத்திலும் மூக்கிலும் ஒட்டுகிற துணிப் பட்டை வாங்கி, காய்ந்த தோலில், வீட்டிலேயே ஒட்டி அனுப்புங்கள். காது மூடட்டும். உலர்ந்த கம்பளிச் சட்டை ஒன்று முடிவுக் கோட்டில் உங்கள் கையில் இருக்க வேண்டும், முதலில் சட்டை, அப்புறம் படம். வெள்ளைத் திட்டைக் கண்டால் வெறும் சூடான கையை அழுத்தாமல் வைத்து, உள்ளே கூட்டிப்போங்கள். தேய்க்காதீர்கள், பனியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அடுப்பருகே நிறுத்தாதீர்கள், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அரை மணிநேரத்தில் நிறமும் உணர்ச்சியும் திரும்பவில்லை என்றால் அவசரப் பிரிவுக்கு. அன்றைக்கு அந்தப் பிள்ளை மீண்டும் பாதையில் இறங்கக் கூடாது, தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக இருந்தாலும் சரி.

கழகத்தாருக்கு இன்னும் ஒன்று. புறப்படும் இடத்தில் பெயரெழுதிய பைகள் வையுங்கள், ஜாக்கெட் புறப்படுவதற்கு ஒரு நிமிடம் முன்பு கழன்றால் போதும், அந்தப் பையை ஒருவர் முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோகட்டும். பரிசளிப்பைக் கட்டடத்துக்குள் வையுங்கள். சனிக்கிழமை நான் பார்த்த நான்கு பேரில் இருவர் ஓடி முடித்து அரை மணிநேரம் கழித்து, வெளியே மேடைக்கு முன் நின்றபோதுதான் என்னிடம் வந்தார்கள்.

அடுத்த ரென் இன்னும் இரண்டு வாரத்தில், அதே பாதையில். காலை 7 மணிக்கு ஏரிக்கரை வளைவில், வலப்பக்கத்து இரண்டாவது பிர்ச் மரத்தில், பிள்ளையின் முகம் வருகிற உயரத்தில் தெர்மாமீட்டரைக் கட்டிவிட்டு அங்கேயே நிற்பேன். போட்டித் தலைவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோரும் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.