உதவியாளர் வேண்டாம் என்று எழுதாதீர்கள்

ஆய்வு நிதி கேட்டு எழுதப்படும் முன்மொழிவுகளைப் படித்துத் திருத்திக்கொடுப்பது என் வேலை. ஒரு வரைவு கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டி பட்ஜெட்டைத்தான் பார்ப்பேன். பெண் ஆய்வாளர்கள் பலருடைய வரைவில் ஆய்வு உதவியாளருக்கான ஊதியம் கேட்கப்பட்டே இருக்காது. காரணம் கேட்டால், "எதற்கு மேடம், நானே செய்துகொள்கிறேன்" என்பார்கள். வகுப்புகள், விடைத்தாள் திருத்தம், கல்லூரிக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் அமைப்புக்கான குழு வேலை, போதாததற்கு வீடு. இவற்றுக்கு நடுவே மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தனி ஆளாக முடித்துவிடுவதாகக் கையெழுத்திடுகிறார்கள். குறைவாகக் கேட்டால் எளிதாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான். மதிப்பீட்டாளரோ, இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்பதே இவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைக்கிறார்.

தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. நிதி பெற்ற முன்மொழிவு ஒன்றை முழுதாகக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்களில் குறைவு. அந்தக் கோப்புகள் மாலை நேரத் தேநீர்க் கடையிலும் கருத்தரங்க விடுதி அறையிலும் கைமாறுகின்றன. ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு அவை எட்டுவதில்லை. ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் இலக்கணம் சொல்வதில்லை. எழுதியவரின் அனுமதியோடு, வென்ற முன்மொழிவு ஒன்றையும் தோற்ற ஒன்றையும் மதிப்பீட்டாளர் குறிப்புகளோடு படிக்கக் கொடுக்கிறேன். எந்தப் பயிலரங்கையும்விட இது அதிகம் கற்றுத்தருகிறது.

அடுத்தது சொல் தேர்வு. கேட்ஸ் அறக்கட்டளைக்கு வந்த சுமார் 6,800 முன்மொழிவுகளைப் பொருளியல் ஆய்வாளர்கள் அலசி 2019-ல் வெளியிட்டார்கள். பெயரை மறைத்தே மதிப்பிட்டும் பெண்களுக்குக் குறைவான மதிப்பெண் விழுந்திருந்தது. பெண்கள் தங்கள் துறைக்கே உரிய குறுகிய சொற்களையும், ஆண்கள் பல துறைக்கும் பொருந்தும் அகன்ற சொற்களையும் அதிகம் பயன்படுத்தினார்கள். மதிப்பீட்டாளர்களுக்கு அகன்ற சொற்கள் பிடித்திருந்தன. அப்படி எழுதியவர்கள் பிறகு மேலான ஆய்வைத் தந்தார்களா என்றால், அதுவும் இல்லை! எனவே ஆண்களைப்போல் எழுதுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பத்தியில் மட்டும் கேள்வியைப் பெரிதாக வையுங்கள். "மண்ணில் குரோமியத்தின் அளவைக் கண்டறிய முயற்சி மேற்கொள்ளப்படும்" என்பதற்குப் பதிலாக, "பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நிலத்தில் எந்தப் பயிரை நம்பி உண்ணலாம் என்பதற்கு விடை தருகிறோம்" என்று தொடங்கலாம். அளவீட்டு முறை இரண்டாம் பத்தியில் வரட்டும்.

கோளாறு முழுவதும் எழுதுபவரிடம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. கனடாவின் சுகாதார ஆய்வு நிதி பற்றி 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை இதற்குச் சான்று. ஆய்வின் தரத்தை முதன்மையாக மதிப்பிட்ட திட்டத்தில் ஆண், பெண் வெற்றி விகித இடைவெளி 0.9 சதவீதப் புள்ளி. ஆய்வாளரையே முதன்மையாக எடைபோட்ட திட்டத்தில் அது 4 புள்ளி. நம் நாட்டில் பெண்களுக்கென்றே 2020-ல் செர்ப் (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம்) தொடங்கிய 'பவர்' நல்கையில் இன்னொரு வகைச் சாய்வு இருந்தது: ஐஐடி போன்ற தேசிய நிறுவனங்களில் இருப்பவருக்கு மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை, மாநிலப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ இருப்பவருக்கு 30 லட்சம் வரை. கருவி வசதி குறைந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் கூடுதல் பணம் தேவை என்பது என் கட்சி. செர்ப் இப்போது ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆய்வு நிதி அமைப்புக்குள் சேர்ந்துவிட்டது. பழைய அறிவிப்பை நம்பி எழுத உட்காராமல், நடப்பு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண், பெண் என்ற இருமைக்குள் அடங்காத ஆய்வாளர்களுக்கு வரும் சிக்கல் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. பழைய கட்டுரைகள் பழைய பெயரில், சான்றிதழ் ஒரு பெயரில், தற்போது வழங்கும் பெயர் வேறு. மூன்றையும் இணைக்க, ஆய்வாளர் ஒவ்வொருவரும் பெறக்கூடிய நிரந்தர அடையாள எண்ணான ஆர்கிட் எண் உதவும். வெளியான கட்டுரையில் பெயரை மாற்றித்தரும் நடைமுறை பல பெரிய பதிப்பகங்களில் வந்துவிட்டது. காரணத்தை உலகுக்கு அறிவிக்க வேண்டியதில்லை. பெண்களுக்கான திட்டத்தில் விண்ணப்பிக்கலாமா என்ற ஐயம் இருந்தால், எழுதத் தொடங்கும் முன்பே திட்ட அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். உதவி செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுத்துப் பயிற்சிக்கு வருபவரிடம் பாலினச் சான்று கேட்காதீர்கள். அது நம் வேலை இல்லை.

நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் உதவி மிகவும் தேவைப்படுகிறது. நம் பயிற்சிகளோ விண்ணப்பம் அனுப்பிய அன்றே முடிந்துவிடுகின்றன. நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வில், நிதிக்கான எல்லைக்கோட்டை மயிரிழையில் தாண்டியவர்கள் அடுத்த எட்டு ஆண்டுகளில், மயிரிழையில் தவறியவர்களைவிட இரு மடங்குக்கு மேல் நிதி பெற்றிருந்தார்கள். தவறியவர்களில் பலர் மீண்டும் கேட்பதையே குறைத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். மதிப்பீட்டாளர் குறிப்பைத் தனியாகப் படிக்காதீர்கள். இன்னொருவரோடு உட்கார்ந்து, எது திருத்தக்கூடியது, எது வெறும் எரிச்சல் என்று பிரியுங்கள். திருத்தக்கூடியதே பெரும்பாலும் அதிகம் இருக்கும். அடுத்த முறை உதவியாளர் ஊதியத்தையும் சேர்த்து எழுதுங்கள். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதத்துக்குக் கடைசி நாளில் அலையாமல், தலைப்பு முடிவானதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.