எலுமிச்சை மரத்துக்குப் பட்டது கண்ணூறா?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வாசகி ஒருவரின் கேள்வி: “காவடிக்குக் காய் பறிக்கிற எலுமிச்சை மரம். இலையெல்லாம் கிண்ணம்போல் மடங்குகிறது, நரம்பு வெளிறுகிறது. கண்ணூறு என்கிறார்கள். உண்மையா?”

இல்லை அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள், எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களைத் தாக்கும் டிரிஸ்டீசா வைரஸுக்குப் பொருந்துகின்றன. இலையைச் சோதித்தால் உறுதியாகிவிடும். ஒரு மரத்தில் இந்த வைரஸ் உண்டா என்று பார்க்க, அதன் பட்டைத் துண்டை நம் சிறிய உருண்டை எலுமிச்சையின் நாற்றில்தான் ஆய்வாளர்களும் ஒட்டுவார்கள். ஆரஞ்சு பலவும் வெளியே தெரியாமல் நோயைச் சுமக்கும். எலுமிச்சை மறைக்காது.

பரப்புவது அசுவினிப் பூச்சியும் ஒட்டுக் குச்சியும்.

இந்த வைரஸின் ஆர்என்ஏ, அதாவது அதன் மரபுச் செய்தியைத் தாங்கும் இழை, சுமார் 19,300 எழுத்து நீளம். தாவர ஆர்என்ஏ வைரஸ்களில் இவ்வளவு நீளம் அபூர்வம். நகலெடுக்கும் நொதி பிழை திருத்தாது. இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லில் சந்தித்தால் துண்டுகளும் கலந்துபோகும். இப்படித்தான் டி36, டி30, விடி, டி3 என்று வைரஸ் கிளைகள் பிரிந்தன. ஆர்என்ஏவின் ஒரு பாதி இவற்றில் பெருமளவு ஒத்திருக்கிறது, மறுபாதி வெகுவாக விலகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் கிரேப்ஃப்ரூட் கன்றுகளுக்கு நடும் முன்பே வீரியம் குறைந்த டிரிஸ்டீசாவை ஏற்றிவிடுவார்கள். அது முதலில் குடியேறினால், தண்டில் குழி விழவைத்துப் பழத்தைச் சிறுக்கச் செய்யும் கொடிய வைரஸ் பின்னால் வந்தாலும் தலையெடுக்காது என்பது கணக்கு. ஆனால் சில மரங்கள் தப்பின, சில தப்பவில்லை. காரணம் 2010இல் ஃபுளோரிடா ஆய்வில் துலங்கியது: உள்ளே இருக்கும் வைரஸ் தன் கிளையைச் சேர்ந்ததை மட்டுமே தடுக்கிறது, வேறு கிளை தாராளமாக நுழைந்துவிடும்! பின்னர் வைரஸின் பி33 என்ற புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். வைரஸ் மரத்தில் பரவியது, தடுப்பு மட்டும் போய்விட்டது. ஆக, இடம் நிரம்பிவிட்டதால் வரும் தடுப்பு அல்ல இது. சொந்தக் கிளையை வெளியே நிறுத்த வைரஸே ஒரு புரதம் வைத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதனால் எந்தத் தோட்டத்தில் எந்த வைரஸ் கிளை என்று தெரியாமல் காவல் வைரஸைத் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே கிரேப்ஃப்ரூட் தோட்டங்களில் ஒரே மரத்துக்குள் பல வைரஸ் கிளைகள் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஏற்றுமதித் தோட்டங்களுக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கு டர்பன் கொல்லை மரங்களுக்கும் வரவேண்டும் என்பேன். அசுவினிக்கு வேலி கிடையாது.

உங்கள் மரத்துக்கு மருந்து இல்லை. காய்க்கும் வரை காய்க்கட்டும், அதிலிருந்து மட்டும் யாருக்கும் ஒட்டுக் குச்சி வெட்டிக் கொடுக்காதீர்கள். புதுக்கன்று வேண்டுமானால் சான்றிதழ் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள்.