வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஓர் ஊரில் மின்சார வண்டிகளுக்குப் பொது சார்ஜர் வைக்கலாமா என்று பேச்சு வந்தாலே நம் மனதில் பெட்ரோல் பங்க்தான் வந்து நிற்கும். வண்டி வரும், நிரப்பும், போகும். அதனால் முதல் கேள்வியும் "எவ்வளவு வேகமான சார்ஜர்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் பார்க்க வேண்டியது, ஊரில் வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் சும்மா நிற்கின்றன என்பதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 முதல் 20 யூனிட் எடுக்கும். ஒரு நாளில் 40 கிலோமீட்டர் ஓடினால் அதிகம் போனால் 8 யூனிட். 230 வோல்ட், 32 ஆம்பியர் இணைப்புள்ள சாதாரண ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜர் 7.4 கிலோவாட் தரும், அதாவது மணிக்கு 7 யூனிட்டுக்கு மேல். ஆக, இரவில் பத்து மணி நேரம் தெருவோரம் நிற்கும் காருக்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் மின்சாரம் கிடைத்தால் போதும். மீதி ஒன்பது மணி நேரம் அது வெறுமனே நிற்கிறது. திட்டமிடுபவர் கையில் இருக்கும் பெரிய மூலதனம் அந்த ஒன்பது மணி நேரம்தான்.

ஏன் என்று தெரிய, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க வேண்டும். அது 400 கிலோவாட் தாங்கும், மாலையில் வீடுகளின் விளக்கும் அடுப்பும் குளிர்சாதனமும் சேர்ந்து 250 கிலோவாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு 30 கார்கள் வந்து ஒரே நேரத்தில் செருகினால் இன்னும் 222 கிலோவாட் கூடும். டிரான்ஸ்ஃபார்மரால் முடியாது. ஆனால் அந்த 30 கார்களுக்கும் சேர்த்துத் தேவை 240 யூனிட்தான். அதை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பரப்பினால் சராசரியாக வெறும் 30 கிலோவாட். அதே வண்டிகள், அதே மின்சாரம். நேரத்தை மாற்றியதில் சுமை ஏழில் ஒரு பங்காகிவிட்டது.

இந்தப் பரப்புதல் நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏசி சார்ஜரின் பிளக்கில் மின்சாரம் போகும் பின்களோடு, தகவலுக்கென்றே ஒரு சிறிய பின் இருக்கிறது. அதில் நொடிக்கு 1000 முறை ஒரு துடிப்பு போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்பும் பாதி நேரம் உயர்ந்திருந்தால் "30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று பொருள். பத்தில் ஒரு பங்கு மட்டும் உயர்ந்திருந்தால் 6 ஆம்பியர். கார் அதைப் படித்து, தன் இழுவையை அதற்குள் வைத்துக்கொள்ளும். ஒரு தெருவின் சார்ஜர்களை ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்துவிட்டால், இருக்கும் மின்சாரத்தை அது எல்லா வண்டிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். பல இடங்களில் புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் தேவையே இதனால் தள்ளிப்போகிறது.

சரி, வேகமான டிசி (நேர்திசை மின்சார) சார்ஜர் எதற்கு? பேட்டரிக்குள் போவது எப்போதும் டிசிதான். மெதுவான சார்ஜரில் ஏசியை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் சிறிய கருவி. வேகச் சார்ஜரில் அந்த வேலையை வெளியே நிற்கும் பெரிய பெட்டி செய்கிறது, அதனால் 50, 150, 350 கிலோவாட் என்று போக முடிகிறது. பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் குறையும். 80 சதவீதத்தைத் தாண்டினால் திரையில் கிலோவாட் எண் மளமளவென்று இறங்குவதைப் பார்க்கலாம். நீண்ட பயணம் போகிறவர்களுக்கும், நாள் முழுக்க ஓடும் வாடகை வண்டிகளுக்கும் இது வேண்டும். இரவெல்லாம் நிற்கிற வண்டிக்கு வேண்டியதில்லை.

வேகச் சார்ஜரை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நான்கு வாங்கினால் ஊரின் மூலைக்கு ஒன்று என்று பிரித்து வைப்பது நியாயமாகத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் சராசரியாக 30 நிமிடம் ஆகிறது, ஒவ்வொரு சார்ஜரும் 60 சதவீத நேரம் வேலையில் இருக்கிறது, வண்டிகள் முன்னறிவிப்பில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே வைத்தால் சராசரிக் காத்திருப்பு 45 நிமிடம். நான்கையும் ஒரே இடத்தில் வைத்தால் ஐந்தரை நிமிடம். ஒன்றில் வண்டி நின்றாலும் பக்கத்தில் இன்னொன்று காலியாகும் வாய்ப்பு இருக்கிறதே, அதுதான் காரணம். ஒன்று பழுதானாலும் மூன்று மிஞ்சும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணித அறிஞர் ஆக்னர் எர்லாங், இணைப்புக்குக் காத்திருக்கும் அழைப்புகளுக்காக 1917இல் வெளியிட்ட சூத்திரம்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

மெதுவான சார்ஜருக்கு இது தலைகீழ். அவற்றைப் பரப்பித்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் வண்டி ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு அவைதான் போக வேண்டும். சொந்தமாக நிறுத்துமிடம் இல்லாத அடுக்குமாடி, நெருக்கமான தெரு, இங்கெல்லாம்தான் முதல் சார்ஜர் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டிலேயே செருகிக்கொள்ள வசதி உள்ளவருக்குப் பொது சார்ஜர் எப்போதாவது தேவைப்படும். நிறுத்துமிடம் இல்லாதவர்களுக்கு அது தினசரித் தேவை. ஆம்ஸ்டர்டாமில் சொந்த நிறுத்துமிடம் இல்லாத குடியிருப்பாளர் கேட்டால், அவர் வீட்டுக்கு அருகே பொது சார்ஜர் வைக்கப் பரிசீலிக்கிறார்கள். யூகத்தில் இடம் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எத்தனை வேண்டும் என்பதற்கு எண்ணிக்கையைவிடத் திறனே நல்ல அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 விதி, பதிவான ஒவ்வொரு முழு மின்சாரக் காருக்கும் 1.3 கிலோவாட் பொது சார்ஜிங் திறன் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு 7.4 கிலோவாட் சார்ஜர் ஏறக்குறைய ஆறு கார்களுக்குக் கணக்காகும்.

அப்புறம், மண்ணைத் தோண்டும் வேலை. சார்ஜரின் விலையைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். சாலையை வெட்டி, கேபிள் போட்டு, மூடிச் செப்பனிடுவதற்கு ஆகும் செலவு பல நேரம் சார்ஜரின் விலைக்கே போட்டியாக நிற்கும். இன்று இரண்டு சார்ஜர்தான் வைக்கப் போகிறோம் என்றாலும், பள்ளம் திறந்திருக்கும்போதே எட்டு சார்ஜருக்கான காலிக் குழாய்களைப் புதைத்துவிட வேண்டும். வண்டிகள் பெருகும்போது அதற்குள் கம்பியை இழுத்தால் போதும், சாலையை மறுபடி வெட்ட வேண்டாம்.