லிம்னர்: ‘ஓவியர்’ என்றால் போதுமா?

அமெரிக்காவின் பழைய குழந்தை உருவப்படங்களைப் பற்றி வாசிக்கும்போது ‘லிம்னர்’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். தமிழில் ‘ஓவியர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இலுமினாரே’ என்றால் ஒளியூட்டுதல். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, தேய்ந்து ‘லிம்ன்’ ஆனது. சுவடிப் பக்கங்களுக்குப் பொன்னும் வண்ணமும் தீட்டியவர்தான் முதல் லிம்னர். அப்புறம் சிற்றோவியக்காரருக்கு அந்தப் பெயர் வந்தது. கடல் கடந்து அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக்குப் போனதும், ஆளைப் பார்த்து உருவப்படம் எழுதித் தருபவரைக் குறித்தது.

அமெரிக்காவின் வூஸ்டர் கலை அருங்காட்சியகத்தில் எலிசபெத் ஃப்ரீக் என்ற பாஸ்டன் பெண்ணின் படம் இருக்கிறது. மடியில் மேரி, ஆறு மாதக் குழந்தை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அடியில் வேறு படம்: முதலில் அந்தத் தாய் தனியாகத்தான் இருந்திருக்கிறார். மேரி பிறந்த பிறகு, 1674இல், அதே துணியில் அவளையும் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் லிம்னர்கள் வேலை தேடி ஊர் ஊராகப் போனார்கள். பலர் யாரிடமும் முறையாகப் பயிலாதவர்கள். அவர்கள் படங்களில் குழந்தைகளின் முகம் தட்டையாக இருப்பதற்கு அதை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல. நிழல் இல்லாத தட்டைப் படம் போதும் என்பவர்களுக்குக் கால் பங்கு விலை என்று வில்லியம் மேத்யூ பிரையர் என்ற ஓவியர் 1831இல் விளம்பரமே கொடுத்தார்!

அம்மி பிலிப்ஸ் 1830களில் எழுதிய சிறுமியைப் பாருங்கள். சிவப்பு கவுன், கையணைப்பில் வெள்ளைப் பூனை, காலடியில் நாய், கழுத்தில் பவள மாலை. பவளம் பிள்ளையை நோய் நொடி அண்டாமல் காக்கும் என்பது அங்கிருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத் தேவையும் இருந்தது. ஜோசஃப் வைட்டிங் ஸ்டாக் போன்றவர்கள் இறந்த குழந்தைகளைப் பார்த்தும் படம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மதுரைக்காஞ்சியின் ‘கண்ணுள் வினைஞர்’ அழகான சொல். ஆனால் ஓவியர் எல்லாருக்கும் அது பொது. நாம் ஓவியத்தை ‘எழுதுவது’ என்றே சொல்லி வந்திருக்கிறோம். சுவடியில் தொடங்கி முகத்துக்கு வந்த தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. எனவே ‘உருவெழுதுநர்’ என்பேன்; ஓட்டுநர், நடத்துநர் போல.

மேரியை எழுதியவரின் பெயர் இன்றுவரை தெரியவில்லை. ‘ஃப்ரீக் லிம்னர்’ என்று அவரைக் குறிப்பிடுவதுண்டு. தமிழில் அவர் ‘ஃப்ரீக் உருவெழுதுநர்’.