குளிருது, ஆனா காயலையே: கடலோர வீட்டு ஏசிக்கு ப்ளோயர் வேகம் எவ்வளவு இருக்கணும்?

"சில்லுனுதான் இருக்குது தம்பி, ஆனா ஒடம்பு கசகசன்னே இருக்குது."

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய தெருக்களில் ஏசி வேலை பார்க்கும் எங்களுக்கு இந்தப் புகார் பழக்கமானது. ரிமோட்டில் 18 இருக்கும், ஃபேன் ஃபுல்லில் ஓடும். வீட்டில் ஆளாளுக்குப் போர்வை போர்த்திப் படுத்திருப்பார்கள். ஆனால் மெத்தை விரிப்பைத் தொட்டால் ஓதம். பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. இதற்கு ஊரில் சொல்லும் வைத்தியம் இரண்டு: கேஸ் ஏற்று, இல்லையென்றால் பெரிய டன் வாங்கு. அந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் ப்ளோயர், அதாவது ரிமோட்டில் நாம் வேகம் வைக்கும் அந்த ஃபேன், எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதுதான் அது.

ஏசிக்கு வேலை இரண்டு. காற்றைக் குளிர வைப்பது ஒன்று, காற்றிலிருக்கும் ஈரத்தை எடுப்பது இன்னொன்று. 1902இல் வில்லிஸ் கேரியர் இந்த மெஷினை முதலில் வடிவமைத்ததே நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் தாள் விரிந்து, வண்ணத்தின் மேல் வண்ணம் சரியாக உட்காராமல் போனதுதான் அங்கே பிரச்சினை. மண்ணடி, பாரிமுனைப் பக்கம் அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் தாள் படுத்தும் பாடு தெரியும். ஆக, ஈரத்தை எடுப்பது இந்த மெஷினுக்குப் பிறவி வேலை. அந்த வேலையை அது செய்கிறதா இல்லையா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது ப்ளோயர் வேகம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்டோர் யூனிட்டுக்குள் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான கூலிங் காயிலிலும் அதுவேதான் நடக்கிறது. அறைக் காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், சுமார் 13 டிகிரிக்குக் கீழே இருக்கும் பரப்பில்தான் அதன் ஈரம் நீராக மாறும். ப்ளோயரை முழு வேகத்தில் விட்டால் காயில் மேல் நிறைய காற்று வேகமாகப் போகிறது, காயிலின் சூடு ஏறுகிறது. இன்வர்ட்டர் மெஷினாக இருந்து, அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டால், காயில் 15, 16 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். அதன்பிறகு குளிர் இருக்கும், தண்ணீர் சொட்டாது. ஈரம் அறைக்குள்ளேயே கிடக்கும். நமக்கு அந்தக் கசகசப்பு போகாததால் இன்னும் இரண்டு டிகிரி குறைக்கிறோம். குறைக்கக் குறைக்க உடம்பு நடுங்குகிறது, சுவரும் ஜன்னல் கண்ணாடியும் வியர்க்கின்றன, கரண்ட் பில் ஏறுகிறது.

தொழிலில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று, அதாவது 400 சி.எஃப்.எம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., சுமார் 3.5 கிலோவாட். இந்த 400 எல்லா ஊருக்கும் பொருந்தும் வேதவாக்கு கிடையாது. ஜெய்ப்பூர் மாதிரி வறண்ட வெயில் ஊரில் 450 வரை போகலாம், அங்கே எடுக்க ஈரமே கொஞ்சம்தான். நம் ஊர் மாதிரி ஈரக்காற்று ஊரில் 350க்கு இறக்குவதுதான் முறை. கோடையிலும் கடல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் ராயபுரத்துக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராக மாறத் தொடங்கும் டிகிரி, 25ஐ ஒட்டியே நிற்கும். கதவு ஒருமுறை திறந்து மூடினால் அந்த ஈரம் உள்ளே வருகிறது. ஆனால் நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் ப்ளோயர் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த செட்டிங்கிலேயே இருக்கிறது. மாட்ட வந்தவர் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டியதில்லை. டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். பலர் செடிக்கு ஊற்றவோ வீடு துடைக்கவோ ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். கதவு, ஜன்னலை மூடி, அரை மணி நேரம் மெஷினை ஓடவிட்டு, பிறகு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஒன்றரை டன் மெஷின் முழுத் திறனில், புழுக்கமான நாளில், மணிக்கு இரண்டு லிட்டரை ஒட்டி எடுக்கக்கூடியது. இன்வர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொண்ட பிறகு அது இறங்கும், அது இயல்பு. அடுத்த நாள் அதே நேரத்தில், அதே டிகிரியில், ஃபேனை மட்டும் ஃபுல்லிலிருந்து மீடியமுக்கு மாற்றி அளந்து பாருங்கள். பக்கெட்டே பதில் சொல்லிவிடும். அதோடு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அறையில் மாட்டுங்கள். அது 50க்கும் 60க்கும் நடுவில் நின்றால் போதும். 26 டிகிரியிலும் சீலிங் ஃபேனை மெல்லச் சுழலவிட்டுச் சுகமாகத் தூங்கலாம். 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் முத்திரையுள்ள ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அந்த 24 பலருக்குப் பத்தாமல் போவதற்குக் காரணம் டிகிரி இல்லை, ஈரம்.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட்டில் நீங்களே செய்யக்கூடியது சுலபம். வெளியிலிருந்து வந்ததும் அறை கொதித்துக் கிடந்தால் பத்து, பதினைந்து நிமிடம் ஃபுல் ஸ்பீடு வையுங்கள், தவறில்லை. பிறகு ஆட்டோவிலோ மீடியமிலோ விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வெயிலே இல்லாமல் வீடு முழுக்க நசநசவென்று இருக்கும்போது டிரை மோட் போடுங்கள். அது ப்ளோயரை மெல்ல ஓடவிட்டு ஈரத்தை எடுக்கத்தான் இருக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் கண்டிப்பாக மாற்ற வேண்டும். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ப்ளோயரைத் தொடர்ந்து ஓடவிடுவது. தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆன்' என்று வைத்திருக்கும் டக்ட் மெஷின்களில், அதாவது சீலிங்குக்கு மேலே குழாய் வழியாகக் காற்றை அறைகளுக்கு அனுப்பும் மெஷின்களில், இதை அதிகம் பார்க்கிறேன். காயில் மேலும் தட்டிலும் நிற்கும் தண்ணீரைக் கம்ப்ரஸர் ஓய்ந்த நேரத்தில் வரும் காற்று திரும்ப உறிஞ்சி அறைக்கே கொண்டுவருகிறது. கரண்ட் செலவழித்து எடுத்த ஈரத்தை நாமே திருப்பி ஊற்றுகிறோம். டக்ட் மெஷினில் ஃபேனை 'ஆட்டோ'வில் வையுங்கள். சில போர்டுகளில் கம்ப்ரஸர் நின்று 30 முதல் 90 விநாடி கழித்தே ப்ளோயர் நிற்கும்படி தாமதம் வைத்திருப்பார்கள். வறண்ட ஊரில் அது லாபம், நம் ஊரில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது நல்லது. மெஷினை அணைத்த பிறகு காயிலைக் காயவைக்கும் வசதி வேறு. அது உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் வராமல் காக்கும். அறையைவிட்டு வெளியே போகும் நேரத்தில் அதை ஓடவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதும், "அப்போ லோவுலயே வெச்சிடலாமா?" என்று கேட்பார்கள். அங்கேதான் எச்சரிக்கை தேவை. காற்று அளவுக்குமேல் குறைந்தால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினால் காற்று இன்னும் குறையும், ஐஸ் இன்னும் ஏறும். ஆவியாக வேண்டிய கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பும். கம்ப்ரஸர் திரவத்தை அமுக்குவதற்குச் செய்யப்பட்டதல்ல, அதன் ஆயுள் அங்கேயே குறையத் தொடங்கும். அதனால் செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் காற்றின் வழி சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணூர், கத்திவாக்கம், மணலிப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் லாரித் தூசியும் ஃபில்டரை எப்படி அடைக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பெனிப் புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் அந்தப் பக்கத்து வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவியே ஆகவேண்டும். ப்ளோயரின் இறக்கைகளில் படியும் அழுக்கும் காற்றைப் பாதியாகக் குறைக்கக்கூடியது, ஃபில்டரை மட்டும் கழுவினால் அது போகாது.

கெப்பாசிட்டர் வைத்த பழைய வகை மோட்டாரில் இன்னொரு சங்கதி உண்டு. மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓட ஆரம்பித்து வோல்டேஜ் இறங்கினால் அந்த மோட்டாரின் வேகமும் இறங்கும். கெப்பாசிட்டர் வீக் ஆனாலும் அப்படித்தான். பகலில் நன்றாக ஓடிய மெஷின் ராத்திரி மட்டும் ஐஸ் கட்டுகிறது என்றால் முதலில் இவை இரண்டையும் பாருங்கள்.

என்னை மிகவும் வருத்தும் விஷயம் இங்கேதான் வருகிறது. காற்று குறைந்தாலும் சரி, கேஸ் குறைந்தாலும் சரி, கேஜில் சக்ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) குறைவாகத்தான் காட்டும். இரண்டிலும் ஐஸ் வரும். கேஜை மட்டும் பார்த்துவிட்டு "கேஸ் கம்மி" என்று ஏற்றிவிடுவது வழக்கமாகிப் போய்விட்டது. திருவொற்றியூரில் ஒரு வீட்டில் டக்ட் மெஷினுக்கு ஒரே கோடையில் திரும்பத் திரும்ப கேஸ் ஏற்றியிருந்தார்கள். லீக் எங்கும் இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் அழகுக்காக ரிட்டர்ன் காற்று, அதாவது அறையிலிருந்து மெஷினுக்குத் திரும்பும் காற்று, வரும் வழியைச் சுருக்கிவிட்டிருந்தார்கள். ரிட்டர்ன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் படீரென்று ஒட்டிக்கொண்டது, அதற்குப் பின்னால் மெஷின் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா, "எத்தன தபா தம்பி துட்டு குடுக்கறது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கிரில்லைப் பெரிதாக்கி, அதிகமாக ஏற்றிய கேஸை எடுத்துவிட்டு, எடை போட்டு அளவாக நிரப்பிய பிறகுதான் ப்ளோயர் செட்டிங்குக்கே போனோம். இன்றைய மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்32 கேஸ் எடை போட்டு ஏற்ற வேண்டியது, கொஞ்சம் தீப்பற்றக்கூடியதும்கூட. குத்துமதிப்பாக ஏற்றும் வேலை அதில் வேண்டவே வேண்டாம். உங்கள் மெக்கானிக் கேஸ் சிலிண்டரை எடுத்தால், "காத்து அளந்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டக்ட் மெஷினில் அளப்பது இப்படி. ப்ளோயருக்கு முன்னும் பின்னும் டக்டில் சின்னத் துளை போட்டு மேனோமீட்டரால் ஸ்டாட்டிக் பிரஷரைப் பார்க்க வேண்டும். காற்று எவ்வளவு எதிர்ப்பைத் தாண்டிப் போகிறது என்பதை அது பாஸ்கலில் காட்டும். அந்த எண்ணையும் ப்ளோயர் வேகத்தையும் கம்பெனி தரும் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் சி.எஃப்.எம். தெரியும். பிறகுதான் மாற்றம். பழைய மோட்டாரில் ஹை, மீடியம், லோ என்று வெவ்வேறு நிற ஒயர்கள் இருக்கும். டி.சி. மின்சாரத்தில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. மோட்டாரில் போர்டில் இருக்கும் டிப் சுவிட்சிலோ (குட்டிக் குட்டிச் சுவிட்சுகளின் வரிசை), சுவர் ரிமோட்டின் சர்வீஸ் மெனுவிலோ மாற்ற வேண்டும். டிப் சுவிட்ச் மாற்றினால் மெயினை அணைத்து மறுபடி போட்டால்தான் பெரும்பாலான போர்டுகள் அதை எடுத்துக்கொள்ளும். இந்த மோட்டார் எதிர்ப்பு கூடினால் தானே முறுக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். டக்ட் குறுகலாக இருந்தால் சத்தமும் கரண்டும் ஏறும். டக்டின் குறையை மோட்டார் செட்டிங்கால் மூடி மறைக்க முடியாது. வேகத்தை ஒவ்வொரு படியாக மாற்றி, கால் மணி நேரம் விட்டு, ரிட்டர்ன் காற்றுக்கும் மெஷினிலிருந்து வெளியே வரும் சப்ளை காற்றுக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தைப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் சரி. வீட்டில் ஈரம் அதிகமிருக்கும் முதல் நாளில் வித்தியாசம் குறைவாகவே காட்டும். மெஷின் தன் பலத்தை ஈரத்தை எடுக்கச் செலவழிக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துப் பயந்து கேஸ் ஏற்ற வேண்டாம்.

இந்த வேலையை வீட்டுக்காரர்கள் யூடியூப் பார்த்துச் செய்யக் கூடாது. கெப்பாசிட்டர் மெயினை அணைத்த பிறகும் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பி.எல்.டி.சி. மோட்டாருக்குப் போவது 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம். மோட்டார் ஓடும்போது அதன் கனெக்டரைப் பிடுங்கினால் மோட்டாரோ போர்டோ போய்விடும். கை வைத்தவருக்கும் ஆபத்து.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே தங்கள் வீட்டு ஹீட் பம்ப் (குளிரும் சூடும் தரும் ஏசி) செட்டிங்கைப் படம் எடுத்து அனுப்பி, "நம்ம வீட்டுலயும் இப்படி வைக்கச் சொல்லுங்கப்பா" என்கிறார்கள். மெஷின் ஒன்றேதான், உள்ளே கேஸ் போகும் திசையை மாற்றும் ஒரு வால்வு கூடுதல். ஆனால் அங்கே குளிர்காலத்தில் இன்டோர் காயில் சூடான காயிலாக மாறுகிறது. அப்போது காற்று குறைந்தால் பிரஷர் ஏறி மெஷின் நின்றுவிடும் என்பதால் ப்ளோயரை ஏற்றித்தான் வைக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் மார்கழியிலும் வீட்டைச் சூடாக்கும் தேவை வருவதில்லை. அவர்கள் எண் அவர்கள் ஊருக்குச் சரி. அதே காரணத்தால், சூடும் குளிரும் தரும் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்றே கேட்பவர்களிடம் சொல்கிறேன். அந்தப் பணத்தில் டக்டையும் ரிட்டர்ன் கிரில்லையும் சரியான அளவில் போட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிங் மாற்றிய மெக்கானிக்கிடம் ஒரு வேலை கட்டாயம் வாங்குங்கள். பழைய வேகம், புதிய வேகம், ஸ்டாட்டிக் பிரஷர், ரிட்டர்ன் டிகிரி, சப்ளை டிகிரி, தேதி எல்லாவற்றையும் பேனலின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் வருபவர் வேறு ஆளாக இருக்கலாம். எண் எழுதியிருந்தால் அவர் சிலிண்டரோடு தொடங்காமல் அந்த எண்ணோடு தொடங்குவார்.