ஸ்டெப்பை ஓட விடாத நிபந்தனை

வங்கியின் அன்றாட வரவுசெலவு முடிந்ததும் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியில் பேட்ச் ஜாப்கள், அதாவது ஆள் தலையீடின்றி வரிசையாக நடக்கும் வேலைகள், ஓடத் தொடங்கும். ஒரு நிரல் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும், அடுத்தது வட்டி போடும், மூன்றாவது அறிக்கை தயாரிக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப். முதலாவது பிழையோடு முடிந்தால் மற்றவை ஓடலாமா என்பதை அந்த நேரத்தில் எந்த மனிதரும் முடிவு செய்வதில்லை. ஜே.சி.எல். என்னும் ஜாப் கட்டுப்பாட்டு மொழியில் எழுதிவைத்த நிபந்தனையே முடிவு செய்கிறது.

நிரல் முடியும்போது செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களில் ஒன்றான 15-ஆம் ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகிறது. அதுதான் ரிட்டர்ன் கோட். 0 முதல் 4095 வரை எதுவும் இருக்கலாம்; வழக்கத்தில் 0, 4, 8, 12, 16. பூஜ்யம் என்றால் நலம், 4 என்றால் எச்சரிக்கை, அதற்கு மேல் போகப் போகச் சிக்கல். இந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐஇஎஃப்பிஆர்14 என்ற நிரலே சாட்சி. எந்த வேலையும் செய்யாமல் திரும்பிவிடுவதுதான் அதன் பணி. முதல் வடிவத்தில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. அதிலும் பிழை! 15-ஆம் ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்காமல் திரும்பியதால், அங்கே ஏற்கெனவே கிடந்த எண் ரிட்டர்ன் கோடாகிவிட்டது. இரண்டாவது கட்டளை ஒன்றைச் சேர்த்துத்தான் திருத்தினார்கள்.

இந்த எண்ணைச் சோதிப்பது ‘காண்ட்’ என்ற அளவுரு. ஒரு ஸ்டெப்பில் காண்ட்=(4,எல்டி) என்று எழுதியிருந்தால் (எல்டி என்பது ‘லெஸ் தேன்’, அதாவது ‘விடச் சிறியது’), முன்னால் ஓடிய எந்த ஸ்டெப்பின் ரிட்டர்ன் கோடையாவது விட 4 சிறியதா என்று கணினி பார்க்கும். ஆம் என்றால் ஸ்டெப்பைத் தவிர்த்துவிடும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நிபந்தனை உண்மையானால் ஸ்டெப் ஓடாது. போதாததற்கு, ஒப்பிடும் எண் இடப்பக்கமும் ரிட்டர்ன் கோடு வலப்பக்கமும் நிற்கின்றன. ‘4 வரை பரவாயில்லை, அதைத் தாண்டினால் நிறுத்து’ என்பதைச் சொல்ல இப்படி ஒரு சுற்றுவழி.

1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360-க்கான இயங்குதளத்தோடு பிறந்தது ஜே.சி.எல். அன்று அதைத் துளை அட்டைகளில் எழுதும் சில குறிப்புகளாகக் கருதினார்களே தவிர, ஒரு நிரல்மொழியாக வடிவமைக்கவில்லை. அந்த இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸே பிற்காலத்தில் ஜே.சி.எல்.லை மிக மோசமான மொழி என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சிக்கல் முழுதாகத் தெரிவது ப்ரொசீஜர்களில். பலரும் அழைத்துப் பயன்படுத்துவதற்காக நூலகத்தில் வைத்திருக்கும் ஸ்டெப்களின் தொகுப்பே ப்ரொசீஜர். கோபோல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலைத் தொகுத்து (இயந்திர மொழிக்கு மாற்றி), இணைத்து, ஓட்டும் ஐஜிஒய்டபிள்யூசிஎல்ஜி என்ற ப்ரொசீஜரை எடுத்துக்கொள்வோம். அந்த மூன்று வேலைகளுக்கும் முறையே மூன்று ஸ்டெப்கள்: கோபோல், எல்கெட், கோ. எல்கெட்டின் நிபந்தனை (8,எல்டி,கோபோல்); மூன்றாவதாக நிற்பது, எந்த ஸ்டெப்பின் ரிட்டர்ன் கோடைச் சோதிப்பது என்பது. கோ ஸ்டெப்புக்கு இரண்டு: (8,எல்டி,கோபோல்), (4,எல்டி,எல்கெட்). அதாவது கோபோல் ஸ்டெப்பில் ஓடும் தொகுப்பி 8 கொடுத்தாலும் வேலை நடக்கும். கோபோலில் 8 என்பது எச்சரிக்கை அல்ல, பிழை. இந்தத் தாராளம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

இதை இறுக்க நினைக்கும் ஒருவர், அழைக்கும் வரியில் காண்ட்.எல்கெட்=(4,எல்டி) என்று எழுதுகிறார். ப்ரொசீஜரைத் தொடாமல் அதன் ஒரு ஸ்டெப்பின் நிபந்தனையை மட்டும் மாற்ற இதுவே முறை. தொகுப்பி 8 கொடுக்கிறது, எல்கெட் தவிர்க்கப்படுகிறது. அடுத்து கோவின் முறை. 8 என்பது 8-ஐ விடச் சிறியதா? இல்லை. இரண்டாவது சோதனை எல்கெட்டின் ரிட்டர்ன் கோடைக் கேட்கிறது. ஓடாத ஸ்டெப்புக்கு ரிட்டர்ன் கோடே கிடையாது என்பதால் அந்தச் சோதனையைக் கணினி புறக்கணித்துவிடும். எந்த நிபந்தனையும் உண்மையாகவில்லை, ஆகவே கோ தவிர்க்கப்படுவதில்லை. இணைக்கப்படாத நிரலை ஓட்டப் போய்த் தோற்கும்.

கோவுக்கும் தனியே நிபந்தனை எழுதலாம். அல்லது ஸ்டெப் பெயரே இல்லாமல் காண்ட்=(4,எல்டி) என்று அழைக்கும் வரியில் போடலாம். அப்போது அது ப்ரொசீஜரின் எல்லா ஸ்டெப்களுக்கும் பொருந்தும். இங்கே அது நல்லதே செய்கிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஸ்டெப்கள் கொண்ட ப்ரொசீஜரில் அதே வரி, ஒருவர் யோசித்து எழுதிய நிபந்தனைகளை எல்லாம் ஓசையில்லாமல் அழித்துவிடும். நிரலுக்குத் தகவல் அனுப்பும் ‘பார்ம்’ அளவுருவைப் பெயரில்லாமல் எழுதினால், அதன் மதிப்போ முதல் ஸ்டெப்புக்கு மட்டும் போகும். இரண்டும் ஒரே விதிக்குள் அடங்கியிருக்கலாம், அடங்கவில்லை.

நிரல் பாதியிலேயே முறிந்து அபெண்ட் ஆனால் கதை வேறு. பின்வரும் ஸ்டெப்கள் இயல்பாகவே தவிர்க்கப்படும். அப்போதும் ஓட வேண்டியதற்கு ‘ஈவன்’, அப்போது மட்டுமே ஓட வேண்டியதற்கு ‘ஓன்லி’. பாதியில் நின்ற கோப்புகளைத் துப்புரவாக்கும் ஸ்டெப்களுக்கு இவை உதவும்.

ஐ.பி.எம்.மின் பிற்கால இயங்குதளமான எம்.வி.எஸ்./இ.எஸ்.ஏ. காலத்தில் இஃப், தென், எல்ஸ் வந்தபோதுதான் நிபந்தனை நேராகியது. ‘எல்கெட் ஓடியிருந்து, அதன் ரிட்டர்ன் கோடு 4-க்கு மேல் போகாதிருந்தால் கோவை ஓட்டு’ என்று அப்படியே எழுதலாம். ஸ்டெப் ஓடியதா என்பதை ‘ரன்’ என்ற சொல்லாலேயே கேட்டுவிடலாம். பழைய ப்ரொசீஜர்களில் காண்ட் இன்னும் இருக்கிறது. இஃப் தொகுதிக்குள் இருக்கும் ஸ்டெப்பில் காண்டும் இருந்தால், இஃப் அனுமதித்த பிறகே காண்ட் சோதிக்கப்படும். அதையும் தாண்டவில்லை என்றால், ஜாப் பதிவேட்டில் ‘ஸ்டெப் ஓடவில்லை’ என்ற ஐஇஎஃப்272ஐ செய்தி விழும்.