சிக்கனம் எண்டா கஞ்சத்தனம் இல்ல

திருகோணமலையில சிக்கனம் எண்ட சொல்லை நாங்க கூடுதலா காணுறது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் எண்ட போர்ட்டிலதான், அதால அது காசு மிச்சம் பிடிக்கிற விசயம் எண்டு மட்டும் மனசில பதிஞ்சு போச்சு. ஷொப்பிங் பேக்கை கழுவிக் காயவைக்கிற ஆளைக் கண்டா கஞ்சன் எண்டு சொல்லிப்போடுவாங்கள், எனக்கு அது சரியான கவலை.

சொல்லிட வேரைப் பாருங்கோ. சிக்கு எண்டா இறுக்கம், சிக்கெனப் பிடிக்கிறது எண்டா கைநழுவ விடாம உறுதியா பிடிக்கிறது, அதிலயிருந்து வந்ததுதான் சிக்கனம். கஞ்சன் தானும் தின்னமாட்டான் மற்றவனுக்கும் குடுக்கமாட்டான். எங்கட அம்மம்மா உலை வைக்கேக்க அளந்த அரிசியில ஒரு பிடியை எடுத்து வேற பானையில போடுவா, பிடியரிசி எண்டு, கோயிலுக்கு குடுக்கிறதும் அதுதான், பக்கத்து வீட்டில அடுப்பெரியாட்டி போறதும் அதுதான். அந்தச் சொல்லிலயும் பிடிதான் இருக்கு.

சிக்கனத்தை ஆங்கிலத்தில திரிஃப்ட் எண்டுவாங்கள். அது செழிக்கிறது எண்டு அர்த்தம் வாற திரைவ் எண்ட சொல்லோட ஒரு வயித்துப் பிள்ளை, முதல்ல அதுக்கு செழிப்பு எண்டுதான் கருத்து இருந்தது.

இனி சிக்கனத்துக்குப் பக்கத்தில வைச்சுப் பார்க்க வேண்டிய மற்றச் சொல், அபிவிருத்தி. இது வடசொல், விருத்தி எண்டா பெருகிறது, எதுவரைக்கும் பெருகிறது எண்ட கேள்வி அந்தச் சொல்லுக்குள்ள கிடையாது. 1987இல ஐ.நா. ஆணைக்குழு அறிக்கை ஒண்டு, இண்டைக்குள்ள தேவையை முடிக்கேக்க பின்னால வாற பிள்ளையளிட தேவைக்கு குறை வைக்கக்கூடாது எண்டு சொல்லிச்சு. அந்தக் கருத்தைத்தான் நாங்க இங்க நிலைபேறான அபிவிருத்தி எண்டு எழுதுறம், தமிழ்நாட்டில பேண்தகு வளர்ச்சி எண்டும் எழுதுறாங்கள். ரெண்டும் பிழையில்ல, ஆனா மீன் சந்தையில நிண்டு கதைக்கேக்க ஆரும் சொல்லுற சொல்லா அது?

மீன் பிடிக்க கடலுக்குள்ள வெடி போட்டா பெரிய மீனோட குஞ்சும் முருகைக்கல்லும் (பவளப்பாறை) சேர்ந்து போகும், முருகைக்கல்லு செத்தா திரும்ப வளர எத்தனையோ வருசம். நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாத்தீவை 2003இல தேசிய பூங்கா ஆக்கினதும் அந்தக் கல்லுக்காகவும்தான். குஞ்சு தப்பட்டும் எண்டு பெரிய கண் வலையா பார்த்துப் போடுற ஆளை நான் சிக்கனக்காரன் எண்டுதான் சொல்லுவன், அவர் பிடிச்சு வைக்கிறது நாளைக்குள்ள மீனை. நிலைபேறு எண்டு எழுதுற இடத்தில எல்லாம் சிக்கனம் எண்டு ஒருக்கா போட்டு வாசிச்சுப் பாருங்கோ, அம்மம்மாவுக்கும் விளங்கும்.